கூம்புக்கு ஏன் மூன்றில் ஒரு பங்கு?

கேள்வி: பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கு அளவியல் பாடம் சொல்லிக் கொடுத்து வருகிறேன். ஒரே ஆரமும் உயரமும் உடைய கூம்பும் உருளையும் செய்து, கூம்பில் மூன்று முறை மணலை நிரப்பிக் கொட்டினால் உருளை நிறைவதைக் காட்டினேன். “முக்கோணம் செவ்வகத்தில் பாதிதானே, கூம்பு மட்டும் ஏன் உருளையில் பாதியாக இல்லை?” என்று கேட்கிறாள். என்ன சொல்வது?
– வாசகி, கும்பகோணம்

பதில்: அருமையான கேள்வி. மணல் மூன்று என்பதைக் காட்டுமே தவிர, ஏன் மூன்று என்பதைக் காட்டாது.

முக்கோணத்தின் உச்சியிலிருந்து பாதித் தொலைவு இறங்கினால் அதன் அகலம் அடிப்பக்கத்தில் பாதியாக இருக்கும். கூம்பில் அதே இடத்தில் ஆரம் பாதியாவதால், வெட்டுமுகத்தின் பரப்பு அடிப்பரப்பில் நான்கில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. கூம்பு பாதிக்கும் குறைவாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

அது சரியாக மூன்றில் ஒன்றாவதை அறிய, 6 செ.மீ. பக்கமுள்ள ஒரு கனசதுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஒரு முனையில் மூன்று முகங்கள் கூடுகின்றன. அந்த முனையைத் தொடாத முகங்களும் மூன்று. அந்த முனையிலிருந்து, தொடாத ஒவ்வொரு முகத்தின் நான்கு மூலைகளுக்கும் கோடு இழுத்தால், சதுர அடியும் 6 செ.மீ. உயரமும் கொண்ட மூன்று ஒத்த பிரமிடுகள் கிடைக்கும். அவை இடைவெளியின்றி 216 கன செ.மீ. முழுவதையும் நிரப்புவதால், ஒன்றின் கன அளவு 72 கன செ.மீ. கெட்டி அட்டையில் மூன்றையும் செய்து மகளையே பொருத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.

இந்தப் பிரமிடையும், அதே அடிப்பரப்பும் உயரமும் கொண்ட கூம்பையும் எந்த மட்டத்தில் வெட்டினாலும் வெட்டுமுகங்களின் பரப்பு சமமாகவே இருக்கும். எல்லா மட்டத்திலும் அவ்வாறு இருந்தால் கன அளவும் சமம் என்பது 1635-இல் இத்தாலியக் கணித அறிஞர் கவலியேரி வெளியிட்ட கொள்கை. உயரத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் கூம்பும் உருளையும் ஒரே விகிதத்தில் மாறுவதால், மூன்றில் ஒன்று மாறாது. இந்த உண்மையை முதலில் சொன்னவர் பண்டைக் கிரேக்கத் தத்துவ அறிஞர் டெமாக்ரிட்டஸ், நிரூபித்தவர் கிரேக்கக் கணித அறிஞர் யூடாக்சஸ் என்று எழுதிய ஆர்க்கிமிடீஸ், நிரூபணமின்றிச் சொன்னவருக்கும் பெருமையில் பங்குண்டு என்கிறார். உங்கள் மணல் சோதனையையும் அந்த மதிப்போடுதான் பார்க்கிறேன்.

தேர்வில் பலர் தடுமாறும் இடம் சாயுயரம், அதாவது கூம்பின் உச்சியிலிருந்து அடி விளிம்பு வரை சாய்வாக அளக்கும் நீளம். ஆரம் 7 செ.மீ., உயரம் 24 செ.மீ. எனில் சாயுயரம் 25 செ.மீ.; வளைபரப்பு 550 சதுர செ.மீ. காண்பதற்கே அந்த 25 வேண்டும். கன அளவுக்கு 24-ஐத்தான் எடுக்க வேண்டும்; விடை 1232 கன செ.மீ.