மடையைத் திறந்தவர்

வணக்கம் ஐயா. சுற்றுச்சூழல் முதுகலை படிக்கிறேன். 'வருங்காலத் தலைமுறையின் தேவைக்குக் கேடு வராமல் இன்றைய தேவையை நிறைவேற்றுவதே நீடித்த வளர்ச்சி' என்ற வரையறையை வைத்து வகுப்பில் விவாதம். அழிந்த இயற்கையைத் தொழில்நுட்பம் ஈடுகட்டிவிடும் என்றது ஒரு கட்சி. ஈடே கிடையாது, நம் பழைய கிராமமே வழி என்றேன் நான். கண்மாய்ப் பாசனத்தை உதாரணம் காட்டினேன். நான் சொன்னது சரிதானே?
மு.

அன்புள்ள மு.,

கண்மாய் என்று எழுதியதால்தான் உடனே பதில் எழுதுகிறேன். மடை திறந்து வயல்களுக்குத் தண்ணீர் பங்கிட்டுவந்த எங்கள் ஊர் நீர்பாய்ச்சி போன வாரம் இறந்துபோனார். அதே நினைப்பாக இருக்கிறேன்.

தொழில்நுட்பக் கட்சியை விடுங்கள். வற்றிய வைகைக்கு ஈடாக எதைக் கொண்டுவந்து வைப்பார்கள்? எனக்குக் கோபம் உங்கள்மேல்தான். அந்த வரையறை 1987இல் ஐ.நா. அமைத்த ப்ருண்ட்லாண்ட் ஆணையம் தந்தது. முதல் வாக்கியத்தோடு நிறுத்திவிட்டீர்கள். அதையடுத்தே, தேவை என்றால் முக்கியமாக ஏழைகளின் அடிப்படைத் தேவை, அதற்கே முதலிடம் என்று இருக்கிறது. படித்தவர்கள் இதையா தாண்டிப்போவது?

சிவகங்கைப் பக்கம் எங்கள் ஊர். கார்த்திகையில் கண்மாய் நிறைந்து கிடக்கும்போது அந்த நீர்பாய்ச்சி, கண்மாய்க்குள் இருக்கும் கல்மடையான குமிழித்தூம்புவரை நீந்திப்போய், மூச்சடக்கி மூழ்கிக் கல்மூடியை எடுப்பார். மேலே வரும்போது காதெல்லாம் சேறு. கடைமடைக்குத் தண்ணீர் சேர்ந்ததா என்று ராத்திரியில் மண்வெட்டியோடு வரப்பில் நடப்பார். யார் வயலுக்கும் கூடுதலாக விட்டதில்லை. அவருக்கென்று ஒரு குழி நிலம் கிடையாது. அறுப்புக் களத்தில் தள்ளி நிற்பார், கடைசியாக, பதரோடு கூட்டி அள்ளியதை அவருக்கு அளப்போம். தாகம் என்றால் எங்கள் அப்பத்தா உயரத் தூக்கிக் கையில் ஊற்றுவாள். நான் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

நீங்கள் திரும்பிப் போகச் சொல்லும் கிராமம் இதுதான், தம்பி. அவர் பிள்ளைகள் திருப்பூருக்குப் போனார்கள். நல்லதுதான் செய்தார்கள்.

சில வருடம் முன்பு கண்மாயைத் தூர்வாரி மடைக்கு இரும்பு ஷட்டர் போட்டார்கள். எத்தனை கனமீட்டர் மண் அள்ளினார்கள் என்று பலகையே வைத்திருக்கிறது. ஷட்டரைத் திருக ஆளில்லை, அதற்கு யாரும் சம்பளம் ஒதுக்கவில்லை. தண்ணீர் கிடந்தும் கடைமடை காய்கிறது. தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரி கண்மாய்கள். கொள்ளளவைப் பேசுகிறோம், பழம்பெருமை பேசுகிறோம். மூழ்கி மடை திறந்தவருக்கு மாதச் சம்பளமும் மரியாதையும் தரவேண்டும் என்று உங்கள் வகுப்பில் ஒருவராவது பேசினாரா?

உங்களுக்கு அக்கறை இருக்கிறது, கடிதத்திலேயே தெரிகிறது. பொங்கலுக்கு ஊருக்குப் போனால் விசாரியுங்கள்: உங்கள் கண்மாயின் மடையைத் திறந்தவர் யார், அவர் வீடு எந்தத் தெருவில் இருந்தது? எனக்கு எழுதுங்கள்.