லாக் கேள்வி–பதில்: ‘பிரின்டர் எரிகிறது’ என்கிறது லினக்ஸ், தண்ணீர் ஊற்றலாமா?

கேள்வி: எங்கள் லாரி புக்கிங் ஆபீஸில் டாட் மேட்ரிக்ஸ் பிரின்டரை லினக்ஸ் கணினியில் மாட்டியிருக்கிறோம். பில் அடிப்பது நின்றுபோனது. லாக்கைத் (கணினி தன் நடப்புகளை எழுதிவைக்கும் பதிவு) திறந்தால் ‘எல்பி0 ஆன் ஃபயர்’, அதாவது பிரின்டர் எரிகிறது என்று இருக்கிறது. புகையும் இல்லை, வாடையும் இல்லை. என்ன பொருள்?

நெருப்பு இல்லை. ஆனால் பிரின்டர் ஒரு கோளாறை உண்மையாகவே சொல்லியிருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள்.

பிரின்டர் கேபிளைச் செருகும் பேரலல் போர்ட்டில் பிரின்டர் தன் நிலையைச் சொல்ல ஐந்து கம்பிகள் உண்டு. இங்கே நமக்கு வேண்டியவை மூன்று: 12ஆம் பின் ‘காகிதம் இல்லை’ என்னும், 13ஆம் பின் ‘ஆன்லைனில் இருக்கிறேன்’ என்னும், 15ஆம் பின் ‘பிழை’ என்னும். லினக்ஸில் பிரின்டரை இயக்கும் மென்பொருளான டிரைவர் இவற்றை ஒரு வரிசைப்படி பார்க்கிறது. முதலில் காகிதம். அது தீர்ந்திருந்தால் ‘அவுட் ஆஃப் பேப்பர்’ என்று எழுதும். காகிதம் இருந்தால் அடுத்து ஆன்லைனா என்று பார்க்கும். இல்லையென்றால் ‘ஆஃப்லைன்’. இரண்டும் சரி, ஆனாலும் பிழைக் கம்பி பிழை காட்டுகிறது என்றால்தான் ‘ஆன் ஃபயர்’. காகிதம் இருக்கிறது, பிரின்டர் தயார் என்கிறது, அதே மூச்சில் பிழை என்றும் சொல்கிறது. என்ன பிழை என்று சொல்ல அந்த போர்ட்டில் வேறு கம்பி கிடையாது. அந்த இடத்தில் யூனிக்ஸ் உலகின் பழைய வேடிக்கைச் சொல் ஒன்றை வைத்துவிட்டார்கள்.

யுஎஸ்பி பிரின்டரிலும் இதே வரி ‘யுஎஸ்பிஎல்பி0: ஆன் ஃபயர்’ என்று வரும். யுஎஸ்பி வழியே பிரின்டர் அனுப்பும் நிலை பைட்டிலும் அதே மூன்று பிட்கள்தான், அதே இடங்களில்.

பிரின்டரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ஐந்து நிமிடம் விடுங்கள். அச்சிடும் ஹெட் நன்றாகவே சுடும். ஆறியபின் ஹெட்டைக் கையால் இடமிருந்து வலம் நகர்த்திப் பாருங்கள். எங்காவது சிக்கினால் ரிப்பன் மடிந்திருக்கும், அல்லது கிழிந்த காகிதத் துண்டு உள்ளே மாட்டியிருக்கும். தொடர்தாள் என்றால் இரண்டு பக்க டிராக்டர் பற்களிலும் துளைகள் நேராக உட்கார்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள், ஒரு துளை தள்ளி மாட்டினாலே ஹெட் இழுபடும். இதெல்லாம் சரியென்றால் கேபிளை மாற்றிப் பாருங்கள். 15ஆம் பின் கம்பி உள்ளே அறுந்தாலும், பிரின்டரை அணைத்துவிட்டு கேபிளை மட்டும் செருகி வைத்திருந்தாலும், போர்ட் படிக்கும் மதிப்பை நம்ப முடியாது. உண்மையிலேயே கருகல் வாடை வந்தால் மட்டும் மெயின் சுவிட்சை அணையுங்கள். தண்ணீர் எந்த நிலையிலும் கூடாது.

கேள்வி: எங்கள் சர்வரில் அவ்வப்போது ‘சாஃப்ட் லாக்கப் – சிபியு#3 ஸ்டக் ஃபார் 22எஸ்’ என்று வருகிறது. வேறு சர்வரில் பார்த்தாலும் முதல் வரி 22 அல்லது 23 நொடிதான். 21 வந்து நான் பார்த்ததே இல்லை. சிபியு எல்லா இடத்திலும் எண்ணி வைத்தாற்போல் 22 நொடியா மாட்டிக்கொள்ளும்?

கூர்மையாகக் கவனித்திருக்கிறீர்கள். மாட்டிக்கொண்ட நேரம் உண்மையில் 24 நொடி. கடிகாரம்தான் 22 என்கிறது.

ஒவ்வொரு சிபியுவிலும் வாட்ச்டாக் என்ற காவலாள் இருக்கிறது. 4 நொடிக்கு ஒருமுறை எழுந்து, ‘இந்த சிபியு மற்ற வேலைகளுக்கு வழிவிட்டதா’ என்று கடைசியாகப் பதிந்த நேரத்தைப் பார்க்கும். வாட்ச்டாக் வரம்பு இயல்பாக 10. சாஃப்ட் லாக்கப் அதைப்போல் இரண்டு மடங்கு, அதாவது 20ஐத் தாண்டினால் அறிவிக்கும். இனி கணக்கைப் பாருங்கள். நானோ நொடியை நொடியாக்க 100 கோடியால் வகுக்க வேண்டும். வகுத்தல் மெதுவான வேலை. ஆகவே லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல், இரும எண்ணை 30 பிட் வலப்பக்கம் தள்ளிவிடுகிறது. அது 107,37,41,824ஆல் வகுப்பதற்குச் சமம். இதனால் காவலாளின் ஒரு ‘நொடி’ நம் நொடியைவிட ஏறத்தாழ 7.4 சதவீதம் நீளம். ஐந்தாவது சோதனையில், 20 நொடி ஆனபோது, அதன் கணக்கில் 18.6தான், வரம்பைத் தாண்டவில்லை. ஆறாவது சோதனை 24ஆம் நொடியில். 24ஐ அந்தக் கணக்கில் மாற்றினால் 22.35. பின்னத்தை வெட்டும்போது 22 ஆகும், சில சமயம் 23 ஆகும். 28ஆம் நொடியில் பிடிபட்டால் 26 என்று வரும். இடையில் உள்ள எண்கள் வர வழியில்லை.

இப்போது காரணத்துக்கு வருவோம். மெய்நிகர் சர்வர் என்றால் முதலில் ‘டாப்’ கட்டளையில் ‘எஸ்டி’ என்ற எண்ணைப் பாருங்கள். அது அடிக்கடி 10ஐத் தாண்டினால் உங்களுக்கு வரவேண்டிய சிபியு நேரத்தை அடியில் இருக்கும் ஹோஸ்ட் வேறு யாருக்கோ கொடுக்கிறது. சர்வரின் அப்போதைய நிலையை நகலெடுக்கும் ஸ்னாப்ஷாட் நடக்கும் நேரத்தோடும் ஒப்பிடுங்கள். நேரடி இயந்திரம் என்றால் அந்த வரிக்குக் கீழே ‘ஆர்ஐபி’ என்று தொடங்கும் வரியில் எந்த ஃபங்ஷனில் நின்றது என்று இருக்கும். ஒவ்வொரு முறையும் ஒரே டிரைவர் பெயர் வந்தால் ஆள் அகப்பட்டாயிற்று. வாட்ச்டாக் வரம்பை 10இலிருந்து 20 ஆக்கினால் செய்தி குறையும், நோய் குறையாது.

கேள்வி: ‘அவுட் ஆஃப் மெமரி: கில் ப்ராசஸ் 2417 (மைஎஸ்கியூஎல்டி) ஸ்கோர் 612 ஆர் சாக்ரிஃபைஸ் சைல்ட்’. குழந்தையைப் பலி கொடு என்று கணினியில் எழுதியிருப்பதைப் பார்த்து ஆபீஸில் எல்லோரும் பதறிவிட்டோம்.

பழைய கெர்னல்களின் வாசகம் இது. புதியவற்றில் நீக்கிவிட்டார்கள். ஒரு ப்ராசஸ் தொடங்கிவைத்த இன்னொரு ப்ராசஸை ‘சைல்ட்’ என்பது வழக்கம். மெமரி தீர்ந்தால் கெர்னல் யாரையாவது நிறுத்தியாக வேண்டும். தாயை நிறுத்தினால் எல்லாம் போகும், பிள்ளைகளில் ஒன்றை நிறுத்தினால் இழப்பு குறைவு என்பதே அந்த வரியின் கணக்கு. ஸ்கோர் 1000க்கு. 612 என்றால் மெமரியில் ஏறத்தாழ 61 சதவீதத்தை அதுவே பிடித்திருந்தது என்று கொள்ளுங்கள்.

ஆனால் மைஎஸ்கியூஎல்டி என்ற டேட்டாபேஸ் நிறுத்தப்பட்டதாலேயே குற்றம் அதன்மேல் என்று முடிவு கட்டாதீர்கள். அதே இடத்தில் கெர்னல் எல்லா ப்ராசஸ்களின் பட்டியலையும் போட்டிருக்கும். அங்கே பிஹெச்பி ஒர்க்கர்களை (இணையப் பக்கங்களைத் தயாரிக்கும் ப்ராசஸ்கள்) எண்ணுங்கள். ஒன்று 60 எம்பி, 40 ஒர்க்கர் என்றால் 2,400 எம்பி. 2 ஜிபி சர்வரில் அது எப்படி அடங்கும்? மொத்த மெமரியில் டேட்டாபேஸுக்கு உரியதையும் சிஸ்டத்துக்கு 300 எம்பியையும் கழித்து, மிச்சத்தை 60ஆல் வகுத்து, அந்த எண்ணையே ஒர்க்கர் உச்சவரம்பாக வையுங்கள். 1 ஜிபி ஸ்வாப்பும் (மெமரி போதாதபோது உதவும் டிஸ்க் இடம்) சேருங்கள். சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியில், டேட்டாபேஸின் ஓஓஎம் (அவுட் ஆஃப் மெமரி) ஸ்கோர் திருத்தத்தை −500 என்று இறக்கலாம். −1000 வேண்டாம். அது முழு விலக்கு. டேட்டாபேஸே கட்டுமீறி வளர்ந்தாலும் கெர்னல் அதைத் தொடாது, மற்றவை ஒவ்வொன்றாய்ச் சாகும்.

கேள்வி: ‘மார்ஷியன் சோர்ஸ்’ என்றால் செவ்வாய்க் கிரகவாசியா?

சொல்லுக்கு அதுதான் பொருள். இந்த நெட்வொர்க் இன்டர்ஃபேஸ் வழியாக இந்த ஐபி முகவரி வர நியாயமே இல்லை என்பது செய்தி. அந்த வரியைப் படிப்பதில் பலரும் சறுக்குவார்கள்: முதலில் வருவது போய்ச்சேர வேண்டிய முகவரி, ‘ஃப்ரம்’ என்பதற்குப் பின் வருவதே அனுப்பிய முகவரி. அடுத்த வரியில் 14 பைட் இருக்கும். அதில் 7 முதல் 12 வரை உள்ள ஆறும் அனுப்பிய கருவியின் மேக் முகவரி, அதாவது நெட்வொர்க் கார்டின் அடையாள எண். சுவிட்ச்சில் அதைத் தேடினால் எந்த போர்ட் என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் ஒரே சப்நெட்டில் (நெட்வொர்க்கின் ஒரே முகவரிப் பகுதியில்) இரண்டு நெட்வொர்க் கார்டு மாட்டியதால் வருவது. ஒன்றை வேறு சப்நெட்டுக்கு மாற்றுங்கள். முடியாவிட்டால் அனுப்பிய முகவரியைச் சோதிக்கும் ‘ஆர்பி ஃபில்டர்’ அமைப்பின் மதிப்பை 1இலிருந்து 2 ஆக்குங்கள்.

கேள்வி: எங்கள் கேமரா ரெக்கார்டரின் லாக்கில் கரன்ட் போய் வந்தபின் சில வரிகள் ‘1970 ஜனவரி 1, காலை 5.30’ என்று இருக்கின்றன. ஏன் 5.30?

இந்தக் கருவிகள் 1970 ஜனவரி 1 நள்ளிரவிலிருந்து எத்தனை நொடி என்றுதான் காலத்தை எண்ணும். அது கிரீன்விச் நள்ளிரவு. நமக்கும் இலங்கைக்கும் அப்போது காலை 5.30. அமெரிக்காவில் இதே கோளாறு 1969 டிசம்பர் 31 மாலை என்று தெரியும். ஆக உங்கள் கருவி நேரம் தெரியாமல் சுழியத்தில் எழுந்திருக்கிறது. உள்ளே சிஆர்2032 பேட்டரி இருந்தால் மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள். புதியது 3 வோல்ட்டுக்குச் சற்று மேல் காட்டும், 2.5க்குக் கீழென்றால் மாற்றுங்கள். நேர சர்வரையும் அமைத்துவிடுங்கள். திருட்டு நடந்த இரவின் பதிவு 1970இல் போய் ஒளிந்துகொண்டால் தேடும்போது அகப்படாது.

கேள்வி: ‘மைக்ரோசாஃப்டிலிருந்து பேசுகிறோம்’ என்று ஒருவர் என் அப்பாவை அழைத்து, விண்டோஸின் லாக்கைக் காட்டும் ஈவென்ட் வியூவரைத் திறக்கச் சொல்லியிருக்கிறார். உள்ளே சிவப்பும் மஞ்சளுமாக நூற்றுக்கணக்கான எச்சரிக்கைகள். வைரஸ்தானா?

இல்லை. நல்ல நிலையில் ஓடும் எந்த விண்டோஸ் கணினியிலும் அது அப்படித்தான் இருக்கும். அதைக் காட்டிப் பயமுறுத்திப் பணம் பறிப்பது பழைய மோசடி. மைக்ரோசாஃப்ட் யாரையும் தானாக அழைத்து இப்படிப் பேசாது.

அங்கே அடிக்கடி வருவது 10016 என்ற எண்ணுள்ள பதிவு. இது விண்டோஸின் பாகங்கள் தங்களுக்குள் அனுமதி கேட்டு மறுக்கப்பட்ட பதிவு. விட்டுவிடலாம் என்று மைக்ரோசாஃப்டே எழுதியிருக்கிறது. சிவப்பில் ‘கெர்னல்-பவர் 41’ என்பது ஒழுங்காக மூடாமல் கணினி நின்றது என்பதற்கு அடையாளம். அதைத் திறந்து விவரப் பகுதியில் ‘பக்செக் கோட்’ என்ன என்று பாருங்கள். 0 என்றால் பெரும்பாலும் கரன்ட் போயிருக்கும், அல்லது பவர் பட்டனை அழுத்திப் பிடித்திருப்பார்கள். வேறு எண் என்றால் நீலத்திரை வந்திருக்கிறது. அந்த எண் பத்தின் அடுக்கில் (டெசிமல்) இருக்கும். தேடுவதற்கு முன் பதினாறின் அடுக்குக்கு (ஹெக்ஸ்) மாற்றுங்கள். 159 என்றிருந்தால் அது 9எஃப், டிரைவர் சார்ந்த பவர் கோளாறு.

அப்பா அந்த ஆள் சொன்ன ரிமோட் செயலியை ஏற்றியிருந்தால் முதலில் இன்டர்நெட்டைத் துண்டியுங்கள், பிறகு செயலியை நீக்குங்கள். வங்கிக் கடவுச்சொல்லை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள். பணம் போயிருந்தால் உடனே இந்தியாவின் சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, அந்தப் பணம் அடுத்த கணக்குக்குப் போகுமுன் முடக்க அவ்வளவு வாய்ப்பு.