தலைப் பக்கம் யார்?

அன்புள்ள ஐயா,

ஒரு ஏலப் பட்டியலில் 1577ஆம் ஆண்டு டான்சிக் நகரத்து வெள்ளிக்காசு ஒன்றின் படம் பார்த்தேன். ராஜா தலை இருக்கவேண்டிய இடத்தில் இயேசு இருக்கிறார். காசடிக்கும் உரிமை அரசனுக்குத்தானே, ஒரு நகரம் எப்படி அடித்தது? தேவாலயக் காணிக்கைக்காகவா?

ஒரு வாசகி, கோவை

அன்புள்ள வாசகிக்கு,

காணிக்கைக்கெல்லாம் இல்லை, சம்பளத்துக்கு. கூலிப்படைச் சம்பளம்.

டான்சிக் (இன்றைய போலந்தின் கதான்ஸ்க்) விஸ்துலா ஆற்றில் இறங்கிவரும் தானியத்தைக் கப்பலேற்றிக் கொழுத்த துறைமுகம். 1457இல் போலந்து அரசர் நான்காம் காசிமிர் அதற்குக் காசடிக்கும் உரிமை கொடுத்தார், தன் உருவம் காசில் இருக்கவேண்டும் என்ற நிபந்தனையோடு. அச்சு ஊருடையது, தலை ராஜாவுடையது.

சிக்கல் 1575 கடைசியில் வந்தது. போலந்தில் அரசரையே தேர்ந்தெடுப்பார்கள். ஒரு தரப்பு புனித ரோமப் பேரரசர் இரண்டாம் மாக்சிமிலியனை அறிவிக்க, இன்னொரு தரப்பு ஸ்டீபன் பாத்தரியை அறிவிக்க, முடிசூடியது பாத்தரி. டான்சிக் மாக்சிமிலியன் பக்கம். அவர் 1576 அக்டோபரில் இறந்த பிறகும், எங்கள் சலுகைகளை முதலில் உறுதிசெய்யுங்கள், அப்புறம் பார்க்கலாம் என்று முரண்டுபிடித்தது. மறுவருஷம் பாத்தரி முற்றுகையிட்டார்.

கூலிப்படைக்காரன் கடனுக்குச் சண்டை போடமாட்டான். ஆகவே தேவாலயத்து வெள்ளிப் பாத்திரங்களை உருக்கினார்கள். சரி, யார் தலையைப் போடுவது? ஒருவர் பீரங்கியோடு வாசலில் நிற்கிறார், இன்னொருவர் போய்ச் சேர்ந்துவிட்டார். யாருடைய பாத்திரத்தை உருக்கினார்களோ அவர் முகத்தையே போட்டுவிட்டார்கள்! சுற்றிலும் லத்தீனில், ‘மீட்பராகிய கிறிஸ்துவே, எங்களைக் காத்தருளும்’. பக்திதான், இல்லையென்று சொல்லமாட்டேன், ஆனால் வியாபாரிகளின் பக்தி. அரசரே வேண்டாம் என்று அந்தக் காசு எங்கும் சொல்லவில்லை, இந்த அரசரைத்தான் விட்டுவிட்டது.

அந்த டிசம்பரில் சமாதானம். நகரம் 2,00,000 ஸ்லோட்டி கொடுக்க ஒத்துக்கொண்டு பாத்தரியை அரசராக ஏற்றது, அவரும் சலுகைகளை உறுதிசெய்தார். 1578 என்று போட்ட டான்சிக் காசில் பாத்தரியின் தலை வந்து உட்கார்ந்துவிட்டது.

நீங்கள் பார்த்த பட்டியலில் பின்பக்கப் படமும் இருந்தால் நகரத்தின் கேடயத்தைப் பாருங்கள், இரண்டு பக்கமும் சிங்கம் பிடித்திருக்கும். கேடயத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு சிலுவை, அதற்கும் மேலே ஒரு கிரீடம். அது அதே காசிமிர் 1457இல் கொடுத்தது.