இளஞ்சிவப்புப் பூக்கொடி: முதலில் ஆட்டை மாற்றிக் கட்டுங்கள்

ராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளி பக்கமிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: கொல்லையில் நிற்கும் சீமைக்கருவேலத்தின் மேல் ஒரு கொடி தானாக முளைத்து உச்சிவரை ஏறிவிட்டது, புனல் மாதிரி பெரிய இளஞ்சிவப்புப் பூ, இலை தடிப்பாகப் பளபளவென்று இருக்கிறது, பக்கத்து வீட்டில் கொடி ரோஸ் என்கிறார்கள், அந்த வேலியோரம்தான் ஆடு கட்டுகிறேன், விட்டுவைக்கலாமா?

முதலில் ஆட்டை அங்கிருந்து மாற்றிக் கட்டுங்கள். பேர் அப்புறம்.

இது கொடி ரோஸ் இல்லை. அதன் பூ சின்னது, கொத்துக் கொத்தாகத் தொங்கும், கொத்தின் நுனியில் சுருள்கம்பி இருக்கும், இலை இதய வடிவம். கடற்கரை மணலில் ஓடும் அடம்பும் இல்லை, அதன் இலை ஆட்டுக்குளம்பு மாதிரி நடுவில் பிளந்திருக்கும், மரமும் ஏறாது. நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் கருடப்பாலை, அதாவது ரப்பர் கொடி என்றே நினைக்கிறேன். மடகாஸ்கரிலிருந்து வந்தது, அரளிக் குடும்பம். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் இதன் பாலிலிருந்து ரப்பர் எடுக்கலாம் என்று ஹைட்டியில் பெரிய அளவில் நட்டுப் பார்த்தார்கள்.

உறுதி செய்ய ஒரு இலையைக் காம்போடு ஒடியுங்கள், கையில் உறை போட்டுக்கொண்டு. வெள்ளைப் பால் வடியும். ஆனால் பாலை மட்டும் நம்பாதீர்கள், அடம்பிலும் பால் உண்டு, தோட்டத்தில் வைக்கும் ஊதா அலமண்டாவிலும் உண்டு. கருடப்பாலையில் இலைகள் இரண்டிரண்டாக எதிரெதிரே நிற்கும், அலமண்டாவில் பெரும்பாலும் ஒரு கணுவைச் சுற்றி நாலு இலை. காய் கிடைத்தால் சந்தேகமே வேண்டாம்: மாட்டுக்கொம்பு மாதிரி இரண்டு காய் ஜோடியாக விறைத்து நிற்கும், முற்றி வெடித்தால் எருக்கு போலப் பஞ்சு கட்டிய விதை நூற்றுக்கணக்கில் காற்றில் பறக்கும்.

செடி முழுக்க விஷம், இதயத்தைத் தாக்கும் வகை. தீனி இருக்கும்போது ஆடு மாடு இதை அவ்வளவாகத் தொடாது. ஆனால் நம் மாவட்டத்துக் கோடையில் புல் எல்லாம் கருகி இந்தக் கொடி மட்டும் பச்சையாக நிற்குமே, அப்போதுதான் எனக்குப் பயம். தின்றுவிட்டதாகச் சந்தேகம் வந்தால் ஆட்டை ஓட்டி விரட்டாதீர்கள், அலைச்சல் ஆபத்தைக் கூட்டும், நிழலில் கட்டிவிட்டு உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

அழகுக்காக வைத்திருக்கலாமே என்று நினைக்க வேண்டாம், எடுத்துவிடுங்கள். மேலே வெட்டினால் போதாது, அடிக்கட்டையிலிருந்து திரும்பத் துளிர்க்கும், வேரோடு தோண்ட வேண்டும். ஐப்பசி மழையில் மண் இளகியிருக்கும்போது தோண்டுவது சுலபம், காய் இருந்தால் மட்டும் மழைக்குக் காத்திராமல் வெடிக்கும் முன்பே பறித்து மூட்டை கட்டிவிடுங்கள். முழுக்கைச் சட்டை, கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி. காய்ந்த கொடியின் தூசியும் மூக்கை, தொண்டையை எரிக்கும். பால் கண்ணில் பட்டால் நல்ல தண்ணீரில் விடாமல் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வெட்டிய கொடியை வேலியோரம் போட்டுவிடாமல் ஆடு எட்டாத குழியில் போட்டு மூடுங்கள்.