ஒரு பக்க ஸ்பீக்கர் சத்தம் கூட்டினால்தான் பேசுகிறதா?

ஆம்ப்ளிஃபயரின் (ஆம்ப்) வால்யூம் குமிழில் இன்னும் ஸ்ப்ரே அடிக்காதீர்கள், கோளாறு அங்கே இல்லை. குமிழ் கெட்டிருந்தால் திருகும்போது கரகரக்கும். இடது பக்கம் மெல்லிய சத்தத்தில் அடங்கி, கூட்டினால் 'டப்'பென்று திரும்புவதாக எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலும் அது ஸ்பீக்கர் ரிலே, அதாவது ஆம்புக்குள் இருந்து ஸ்பீக்கரை இணைத்துத் துண்டிக்கும் தானியங்கி சுவிட்ச். ஆன் செய்த சில நொடியில் 'கிளிக்' என்று கேட்குமே, அதுதான்.

அதன் வெள்ளி முனைகளில் கறுப்புப் படலம் படிந்திருக்கும். சிறிய சிக்னலால் அதைத் தாண்ட முடியாது, பெரியது துளைத்துக்கொண்டு போய்விடும். தேவனாம்பட்டினத்தில் கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் வீடு என்றால் கேட்கவே வேண்டாம். எங்கள் வீட்டு ஜன்னல் கொக்கியே வருடத்துக்கு ஒன்று துருப்பிடித்து உதிர்கிறது.

முதலில் ஆம்பை அணைத்துவிட்டு, பின்னால் ஸ்பீக்கர் ஒயர்களை இடம் மாற்றிப் போடுங்கள். இப்போது வலது ஸ்பீக்கர் அடங்கினால் ஸ்பீக்கரும் ஒயரும் நல்லவை. அப்புறம் பாட்டுக் கருவியிலிருந்து ஆம்புக்குள் சிக்னல் கொண்டுவரும் ஆர்சிஏ ஒயர்களையும் இடம் வலம் மாற்றிப் பாருங்கள். கோளாறு இடம் மாறாவிட்டால் ஆம்புக்குள்தான்.

ரிலே மூடி கழலும் வகை என்றால், வெள்ளைத் தாளை மெல்லிய பட்டையாக வெட்டி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்து, முனைகளுக்கு நடுவே வைத்து லேசாக அழுத்தி இழுங்கள். தாளில் கறுப்பு வருவது நிற்கும்வரை. சானிடைசர் வேண்டாம், அதில் கிளிசரின் இருக்கும். உப்புத்தாள் வெள்ளியையே சுரண்டிவிடும். எண்ணெயும் கூடாது, அங்கே அது கருகும்.

பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தங்கும். அதை இறக்கத் தெரியாவிட்டால் மூடியைத் திறக்காமல் மெக்கானிக்கிடம் கொடுங்கள். ரிலே மூடி ஒட்டிய வகை என்றால் அதே வோல்ட்டில், அதே கால் அமைப்பில் புதிது போடச் சொல்லுங்கள்.