முட்டி வலியோடு கண்ணகி கோயிலுக்குப் போகலாமா?

கேள்வி: வண்டிப்பெரியாற்றில் தேயிலை எஸ்டேட் லயத்தில் குடியிருக்கிறோம். அம்மாவுக்கு 68 வயது, முட்டி வலி. ஒரு தடவையாவது மங்கலதேவி மலையில் இருக்கும் கண்ணகி கோயிலைப் பார்த்துவிட வேண்டும் என்று இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். கூட்டிப் போகலாமா? கூட வேலை செய்யும் மலையாளிச் சேச்சி, அது கண்ணகி இல்லை, தேவி என்கிறார். யார் சொல்வது சரி?
– ஒரு வாசகி

பதில்: தாராளமாகக் கூட்டிப் போங்கள், ஆனால் குமுளி வழியாக, ஜீப்பில். தேனி மாவட்டத்துக் கூடலூர் பக்கம் பளியன்குடியிலிருந்து ஏறும் பாதை ஆறு கிலோமீட்டருக்கு மேல் செங்குத்தாகப் போகும், நல்ல முட்டிக்காரர்களே பாதியில் உட்கார்ந்துவிடுகிறார்கள், அம்மாவுக்கு அது வேண்டவே வேண்டாம். ஜீப் மட்டும் சொகுசா என்று கேட்டால், அதுவும் இல்லை. பாறையும் பள்ளமுமான காட்டுப் பாதையில் குலுக்கி எடுத்துவிடும். முன் சீட்டைக் கேட்டு வாங்கி, முதுகுக்கு ஒரு தலையணை வையுங்கள்.

கோயில் வருஷத்துக்கு ஒரே நாள், சித்ரா பௌர்ணமி அன்றுதான் திறக்கும். புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதால் மற்ற நாளில் போக முடியாது. கேரளத்தின் இடுக்கி, தமிழ்நாட்டின் தேனி இரண்டு மாவட்ட நிர்வாகமும் சேர்ந்து முன்கூட்டியே நேரத்தை அறிவிப்பார்கள், மதியத்துக்கு மேல் மேலே விட மாட்டார்கள். அதனால் விடிவதற்கு முன்பே குமுளியில் வரிசையில் நின்றுவிடுங்கள். நான் போன வருஷம் ஏழு மணிக்குச் சாவகாசமாகப் போய்விட்டு, வெயிலில் மூன்று மணி நேரம் காத்துக் கிடந்தேன். பிளாஸ்டிக் பாட்டிலைச் சோதனையில் வாங்கி வைத்துவிடுவார்கள், எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர் கொண்டுபோங்கள்.

கோபுரம், பிராகாரம் என்று அம்மா எதிர்பார்த்தால் ஏமாந்துவிடுவார், இப்போதே சொல்லி வைத்துவிடுங்கள். 1,300 மீட்டருக்கு மேல் உயரத்தில், கூரை போய்ச் சரிந்து கிடக்கும் கருங்கல் கட்டடங்கள்தான். அன்றைக்கு மட்டும் பச்சைப் பட்டும் பூவும் சாத்தி அலங்காரம் செய்வார்கள். கீழே பார்த்தால் கம்பம் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும்.

இனி சேச்சி விஷயம். மதுரையை எரித்த கண்ணகி மேற்கே நடந்து மலையேறி, பதினான்காம் நாள் வேங்கை மரத்தடியில் நின்றபோது, கோவலன் வந்து வானுலகுக்கு அழைத்துப் போனான் என்கிறது சிலப்பதிகாரம். பார்த்தவர்கள் குன்றக் குறவர்கள். அவர்கள் போய்ச் சேர மன்னன் செங்குட்டுவனிடம் சொன்னது பேரியாற்றங்கரையில், அதாவது உங்கள் ஊரில் ஓடும் அதே பெரியாறு! பேராசிரியர் சி. கோவிந்தராசனார் கண்ணகி போன வழியைத் தேடி நடந்து வந்து, சேரன் கண்ணகிக்கு எழுப்பிய கோயில் இதுதான் என்று 1960களில் அடையாளம் காட்டினார். எனக்கும் அது பொருந்தியே தெரிகிறது. ஆனால் இமயத்துக் கல்லில் சிலை செய்து சேரன் எழுப்பிய கோயில் அவன் தலைநகரான வஞ்சியில் இருந்தது என்று வாதாடுகிறவர்களும் உண்டு, கொடுங்கல்லூர் பகவதியே கண்ணகிதான் என்பவர்களும் உண்டு. சேச்சி சொல்லும் தேவியும் நீங்கள் சொல்லும் கண்ணகியும் ஒரே இடத்தில்தான் இருக்கிறார்கள், பூசையும் இரண்டு பக்க முறையிலும் நடக்கிறது. இதற்காக அவரிடம் சண்டை போடாதீர்கள். முடிந்தால் அவரையும் ஜீப்பில் ஏற்றிக்கொள்ளுங்கள், வாடகையில் பங்கு குறையும், அம்மாவைக் கைபிடித்து இறக்கவும் ஓர் ஆள் கிடைக்கும்.