தலைப்பு கிடைத்துவிட்டது, கேள்வி எங்கே?

கேள்வி: இளங்கலை புவியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ‘சென்னையின் தண்ணீர்ப் பிரச்சினை’ என்று 1,500 சொற்களில் அசைன்மென்ட் கேட்டிருக்கிறார்கள். இரண்டு வாரம் இருக்கிறது. நாற்பது பக்கம் குறிப்பு எடுத்துவிட்டேன், ஆனால் முன்னுரையைத் தாண்ட முடியவில்லை. என்ன செய்வது?
- ஒரு மாணவி, சென்னை

பதில்: நாற்பது பக்கம் கையில் இருந்தும் பேனா நகரவில்லை என்றால், அதெல்லாம் எந்தக் கேள்விக்கான விடை என்று நீங்கள் இன்னும் முடிவு செய்யவில்லை. உங்களுக்குத் தந்திருப்பது தலைப்பு மட்டும்தான். அதற்குள் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள், கிருஷ்ணா நீர், மீஞ்சூர், நெம்மேலி கடல்நீர் ஆலைகள், 2015 வெள்ளம், பள்ளிக்கரணை சதுப்புநிலம் எல்லாம் அடக்கம். அத்தனையையும் 1,500 சொல்லில் திணித்தால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு பத்திகூட மிஞ்சாது.

முதல் இரண்டு நாள் எதுவும் எழுத வேண்டாம். குறிப்புகளைப் புரட்டி, ஒன்றோடொன்று இடிக்கும் இரண்டு செய்திகளைத் தேடுங்கள். உதாரணத்துக்கு, தமிழ்நாட்டில் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு 2003-லேயே கட்டாயமாகிவிட்டது. ஆனாலும் 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் சுமார் 25 லட்சம் லிட்டர் தண்ணீரை ரயிலில் ஏற்றி வர வேண்டியிருந்தது. சட்டம் இருந்தும் நகரம் ஏன் தவித்தது? இந்தக் கேள்வி 1,500 சொல்லுக்குள் அடங்கும்.

அதற்கு இப்போதைக்குத் தோன்றும் விடையை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். ‘மழைநீரை நிலத்துக்குள் இறக்கும் குழி தோண்டினார்கள், பராமரிக்கவில்லை’ என்று எழுதுவீர்கள் என வைத்துக்கொள்வோம். உடனே அதை நீங்களே எதிர்த்து வாதாடுங்கள். 2018-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. மழையே இல்லாதபோது நல்ல குழியில்தான் என்ன சேரும்? தவிர, வீட்டுக் குழி நிலத்தடி நீரைத்தான் உயர்த்தும், ஏரியை நிரப்பாது. இந்த இரண்டு தடைகளையும் தாண்டி வரும் விடை வேறு மாதிரி இருக்கும்: மழைநீர் சேகரிப்பு கிணற்றுக்கும் போர்வெல்லுக்கும் துணை, ஏரி வற்றிய ஆண்டில் குழாய்நீருக்கு அது மாற்றாகாது. கட்டுரையின் முதுகெலும்பு இந்த வாக்கியம்தான். அசைன்மென்ட்டில் சிந்தனை நடக்கும் இடமும் இதுவே. பெரும்பாலோர் இதைத் தாண்டிக் குதித்துவிடுவதால்தான் நடுவழியில் நின்றுபோகிறார்கள்.

இனி நாற்பது பக்கத்தையும் அந்த வாக்கியத்தோடு ஒட்டிப் பாருங்கள். ஒட்டாததை எடுத்து வையுங்கள். பாதிக்கு மேல் போகும், போகட்டும். கடல்நீர் ஆலை பற்றிய ஐந்து பக்கத்திலிருந்து ஒரு வரிதான் தேறும்.

மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாள் வரை விட்டுப்போனதை மட்டும் தேடுங்கள். உங்கள் தெருவில் பத்து வீட்டில் மூன்றே கேள்வி கேட்கலாம்: மொட்டைமாடிக் குழாய் இன்னும் குழியில் சேர்கிறதா, குழிக்குள் வடிகட்டியாகப் போட்ட மணலையும் ஜல்லியையும் கடைசியாக எப்போது கழுவினார்கள், கோடையில் கிணறோ போர்வெல்லோ வற்றியதா? பத்து வீட்டை வைத்து ‘சென்னையில்’ என்று எழுதிவிடாதீர்கள். ‘நான் பார்த்த பத்து வீடுகளில்’ என்றே எழுதுங்கள். மதிப்பெண் குறைவது பெரும்பாலும் இப்படி அளவுக்கு மீறி நீட்டும் முடிவுகளால்தான்.

ஏழாம் நாள் சொற்களைப் பங்கிடுங்கள். முன்னுரை 150, சட்டமும் பின்னணியும் 250, குழிகளின் நிலை 350, மழை பொய்த்த ஆண்டின் கணக்கு 350, எதிர்வாதமும் பதிலும் 250, முடிவு 150. ஒரு பத்திக்கு 120 சொல் என்றால் மொத்தம் 12, 13 பத்தி. ஒவ்வொரு பத்தியும் என்ன சொல்லப்போகிறது என்று முழு வாக்கியமாக எழுதுங்கள். ‘பராமரிப்பு’ என்று ஒற்றைச் சொல்லாகக் குறித்தால் எழுத உட்காரும்போது மறுபடி திணறுவீர்கள்.

எட்டு முதல் பத்து வரை எழுதும் நாட்கள். உங்களிடம் ஆதாரம் அதிகமாக இருக்கும் நடுப்பகுதியில் தொடங்குங்கள், முன்னுரையைக் கடைசியில் எழுதுங்கள். இன்னும் எழுதாத கட்டுரையை அறிமுகப்படுத்த முயன்றுதான் நீங்கள் இத்தனை நாள் தவித்தீர்கள். தண்ணீரின் பெருமையோடும் குறளோடும் தொடங்குவதை விட, 2003-ஐயும் 2019-ஐயும் அருகருகே வைத்துக் கேள்வியைக் கேட்டாலே போதும்.

பதினோராம் நாள் தொடாதீர்கள். அடுத்த இரண்டு நாளில் ஒவ்வொரு பத்திக்கும் பக்கத்தில் அது என்ன சொல்கிறது என்று பென்சிலால் ஒரு வரி எழுதுங்கள். ஒரே வரி இரண்டு இடத்தில் வந்தால் இரண்டு பத்தியையும் சேர்த்துவிடுங்கள். எந்த வரியும் எழுத வரவில்லையா, அந்தப் பத்தியை எடுத்துவிடுங்கள். எழுத்துப்பிழை திருத்துவது இதற்கெல்லாம் பிறகுதான். வெட்டப்போகும் பத்தியில் ஒற்றுப்பிழை பார்த்து என்ன பயன்?

ஒன்றை மட்டும் இன்றைக்கே செய்யுங்கள். குறிப்பில் இருக்கும் ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே அது எந்த நூல் அல்லது நாளிதழ், எந்தத் தேதி, எந்தப் பக்கம் என்று எழுதுங்கள். வேறொருவர் வாக்கியத்தை அப்படியே எடுத்திருந்தால் மேற்கோள் குறி போட்டு வையுங்கள். இரண்டு வாரம் கழித்து எது உங்கள் வரி, எது பார்த்து எழுதிய வரி என்று உங்களுக்கே தெரியாது.